ஜவுளி எடுக்க நாலு பேர்

சாய்பாபா காலனி,
கோயம்புத்தூர்.
ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்து.

அன்பு மகள் கெசியாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய தயவால் நான், அப்பா, லின்சி மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், மனதைப் பற்றி மட்டும் கேட்காதே. பெர்லின் குளிரில் நீ சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஜெபித்துவிட்டுத்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். இதையெல்லாம் போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் "மீட்டிங் இருக்கும்மா, அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. அதனால் உட்கார்ந்து முழுசாகப் படி. அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் கட்டுக்குள் வந்திருக்கிறது, கிறிஸ்மஸ் கேரலுக்குப் பயிற்சி ஆரம்பித்துவிட்டார்கள், மாடி வீட்டுக்காரர்கள் காலி பண்ணிவிட்டார்கள். நல்ல சேதி இவ்வளவுதான், இனிமேல் வருவதெல்லாம் உனக்குத்தான்.

லின்சியின் கல்யாணச் சேலையைப் பெரிய ஜவுளிக் கடையில் எடுக்க வேண்டாம் என்று சொன்னது நீ. அங்கே எடுத்தால் ஊரிலுள்ள எல்லாக் கல்யாணப் பெண்ணும் ஒரே மாதிரி இருப்பாள் என்றாய். பெர்லினில் நீ ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறாயோ இல்லையோ, அந்தச் சின்னச் சின்னக் கடைகள் இருக்கிற தெருவுக்குத் தவறாமல் போகிறாய், எனக்குப் போட்டோவும் அனுப்புகிறாய். சுவர் முழுக்கக் கிறுக்கல், கிறுக்கலுக்குக் கீழே ஒரு கடை, கடைக்குள் மூன்று சட்டை. ஒவ்வொன்றும் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கும் என்பாய். சரி, பிள்ளைக்குப் பிடித்திருக்கிறது, நமக்கென்ன என்று நானும் பூப்படம் போட்டு அனுப்புவேன். கடைசியில் அந்தப் பைத்தியத்தை என் சின்ன மகள் கல்யாணத்திலேயே கொண்டுவந்து விட்டாயே. உன்னோடு காலேஜில் படித்த ஷ்ரவ்யா, ஆர்.எஸ்.புரத்தில் அதே மாதிரி கடை திறந்திருக்கிறாள், அவளே நூலெடுத்து நெய்யக் கொடுக்கிறாள், கல்யாணச் சேலை அங்கேதான் எடுக்க வேண்டும், சனிக்கிழமை பதினொரு மணிக்கு புக் பண்ணிவிட்டேன் என்றாய். நானும் உன்னை நம்பி, ஷ்ரவ்யாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சம்பந்தி வீட்டுக்குச் சொல்லிவிட்டேன்.

நம் பக்கம் ஜவுளி எடுப்பது என்றால் என்ன என்று உனக்குத் தெரியாதா? மாப்பிள்ளை வீட்டார் சத்தியமங்கலத்திலிருந்து வேன் வைத்து வந்தார்கள். சம்பந்தி, சம்பந்தியம்மா, மாப்பிள்ளை வின்ஸ்டன், அவனுடைய பெரியப்பா சந்தியாகு, அத்தை, சித்திமார், அவர்கள் பிள்ளைகள் என்று வேன் நிறையக் கூட்டம். எல்லாரும் கல்யாணத்துக்கு வருகிற மாதிரி உடுத்தியிருந்தார்கள். அந்தத் தெருவைத் தேடிப் பிடிப்பதற்கே பெரும்பாடு. பழைய பங்களாக்களை எல்லாம் காபிக் கடையும் மண்பாண்டக் கடையுமாக ஆக்கி வைத்திருக்கிறார்கள், ஒன்றுக்கும் போர்டு கிடையாது. இருந்தால்தான் சுலபமாகக் கண்டுபிடித்துவிடுவோமே. வேனை விட்டு எல்லாரும் இறங்கினோம். ஷ்ரவ்யா ஓடி வந்தாள், முகமெல்லாம் வெளுத்துவிட்டது. "ஆன்ட்டி, நாலு பேர்தானுங்க உள்ள போக முடியும், கெசியா நாலு பேருக்குத்தான் புக் பண்ணியிருக்கா" என்றாள். நானும் லின்சியும் சம்பந்தியம்மாவும் அவர்கள் வீட்டு அத்தையும் உள்ளே போனோம். மற்ற எல்லாரும், அப்பாவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், நடுத்தெருவில், பதினொரு மணி வெயிலில், உட்கார ஒரு நாற்காலி இல்லாமல் நின்றார்கள். ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தால் சோபாவில் ஒரு வெளிநாட்டு நாய் கால் நீட்டிப் படுத்திருக்கிறது. கடை நாயாம். சந்தியாகு பெரியப்பா ஜன்னலருகே வந்து, "ஏனுங்க அம்மணி, அந்த நாய் எப்பங்க புக் பண்ணுச்சு?" என்று ஷ்ரவ்யாவிடம் கேட்டார். நம் ஊர்க்காரர் ஒருவர் இத்தனை மரியாதையாகக் கேட்டால் எத்தனை கோபத்தில் இருக்கிறார் என்று நான் உனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

உள்ளே நடந்தது அதைவிட மோசம். அவர்கள் குடும்பத்தில் மாப்பிள்ளையின் அத்தைதான் முதல் சேலையைப் பிரித்துப் பெண்ணின் தோளில் போட வேண்டும், அப்புறம்தான் மற்றவர்கள் பார்ப்பார்கள். அதற்காகவே அந்த அம்மா முழங்கால் வலியோடு வந்திருந்தார். கடையில் சேலையை விரித்துக் காட்ட ஆள் கிடையாது, ஒரு மூங்கில் கம்பில் ஏழெட்டுச் சேலை தொங்குகிறது. ஒன்றைக் கையில் எடுத்து அவர் பிரிக்கப் போனார். கடையிலிருந்த பெண், "பிரிக்க வேண்டாமுங்க மேடம், கசங்கிரும்" என்று அவர் கையிலிருந்து வாங்கி மறுபடியும் கம்பில் மாட்டிவிட்டாள். அத்தையம்மாவின் கை அப்படியே நின்றது. "வேற கலர் இருந்தா காட்டு கண்ணு" என்று சம்பந்தியம்மா சமாளித்துப் பார்த்தார். எல்லாம் ஒரே ஒரு பீஸ்தான் என்று பதில். அந்தச் சேலைகள் அழகாகத்தான் இருந்தன, பொய் சொல்ல மாட்டேன், ஒரு சந்தன நிறச் சேலையை லின்சி கண் எடுக்காமல் பார்த்தாள். ஆனால் யாருக்கு வேண்டும் அழகு? "நல்லாருக்குதுங்க, நாங்க கெளம்பறோமுங்க" என்று சம்பந்தியம்மா வெளியே வந்து வேனில் ஏறிவிட்டார். வீட்டில் அத்தனை பேருக்கும் பிரியாணி ஆக்கி வைத்திருந்தேன் கெசியா. நான் கையைப் பிடித்துக் கெஞ்சினேன், அப்பா வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கை நனைக்காமல் போய்விட்டார்கள். சாயங்காலம் சம்பந்தியிடமிருந்து போன் வந்தது, மற்ற ஏற்பாடெல்லாம் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள், யோசித்துச் சொல்கிறோம் என்று. லின்சி அன்றைக்கு அறைக்குள் போனவள்தான். வின்ஸ்டன் அவளுக்கு மெசேஜ் அனுப்பினான், ஆனால் எங்கள் பெரியப்பாவைத் தெருவில் நிறுத்தினால் நான் வீட்டில் என்ன பேச முடியும் என்று அவனும் கேட்கிறான். அவன் கேட்பதில் என்ன தப்பு?

இதையெல்லாம் உன்னிடம் அழுதுகொண்டே சொன்னால் நீ என்ன சொன்னாய்? "அது அவங்க பாலிசிம்மா, நீங்க எதுக்கு வேன் நிறையக் கூட்டிட்டுப் போனீங்க?" அந்த வார்த்தை இன்னும் என் நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது. ஷ்ரவ்யா மறுநாளே வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டாள், ஜவுளி எடுக்க வருகிறீர்கள் என்று தெரிந்திருந்தால் கடையைப் பூட்டிவிட்டு உங்களுக்காக மட்டும் திறந்திருப்பேன் ஆன்ட்டி என்றாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளிடம் சொல்லாதது நீ. நீ எழுதிக் கொடுத்த அந்த நாலு பேர் யாரென்று அவளிடம் கேட்டேன். லின்சி, வின்ஸ்டன், அப்பா, அம்மா. ஒரு கல்யாணத்துக்கு இத்தனை பேர் போதும் என்று நினைத்துவிட்டாய், உன்னையும் சேர்க்கவில்லை. கல்யாணத்துக்கே வர மாட்டேன் என்று சொன்னவள்தானே. லீவு இல்லை, லைவ்வில் பார்த்துக்கொள்கிறேன் என்கிறாய். போன மாதம் லிஸ்பனில் ஒரு வாரம் கடை கடையாகச் சுற்றினாயே, அதற்கு லீவு யார் கொடுத்தது? ஒரு பீங்கான் கிண்ணத்துக்காக மலைத்தெரு ஏறி இறங்கினேன் என்று எழுதியிருந்தாய். கூடப் பிறந்தவளுக்காக ஒரு விமானம் ஏற உன்னால் முடியவில்லை. சேலை எது, கடை எது, மேடை அலங்காரம் எது என்று அங்கிருந்து உத்தரவு போட மட்டும் முடிகிறது.

இந்த வியாழக்கிழமை நானும் அப்பாவும் சத்தியில் சம்பந்தி வீட்டுக்குப் போனோம். சந்தியாகு பெரியப்பா வாசலிலேயே உட்கார்ந்திருந்தார், அப்பா போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார், அவரும் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அதற்குள் சம்பந்தியம்மா இலை போட்டுவிட்டார். பெரிய மனசு அந்த அம்மாவுக்கு. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "நாய் கதைய உடுங்க, சிரிப்பாத்தான் வருது. அந்தக் கடையச் சொன்ன பொண்ணு எங்கீங்க? அது எங்ககூட ஒக்காந்து எடுத்திருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காதுங்களே, எப்ப வருது?" என்று கேட்டார். எல்லாரும் என்னையே பார்த்தார்கள், அப்பா இலையைப் பார்த்தார். "கிறிஸ்மஸ் முடிஞ்ச கையோட வந்துருவாளுங்க" என்று சொல்லிவிட்டேன். உடனே அந்த அம்மா முகம் மலர்ந்து, "அப்ப அவ வரட்டுமுங்க, வந்தப்புறம் எல்லாருமாப் போயி எடுக்கலாமுங்க, அதுவரைக்கும் சேலைப் பேச்சு வேண்டாமுங்க" என்று சொல்லி எனக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினார். திரும்பி வரும்போது அன்னூரில் டீ குடிக்க நிறுத்தினோம். ஏன் ரூத் பொய் சொன்னாய் என்று அப்பா கேட்டார். பொய்யா உண்மையா என்பது என் மகள் கையில்தான் இருக்கிறது என்றேன்.

கல்யாணம் ஜனவரி கடைசியில். சேலை எடுத்து, ஜாக்கெட் தைக்க அவகாசம் வேண்டும், ஆகையால் வருஷப் பிறப்பு ஆராதனைக்குள் நீ இங்கே இருக்க வேண்டும். பெரிய கடையோ சின்னக் கடையோ, எங்கே வேண்டுமானாலும் கூட்டிப் போ, ஆனால் அத்தனை பேரையும் கூட்டிப் போ. வெறும் வயிற்றில் காபி குடிக்காதே, காதை மூடிக்கொண்டு வெளியே போ. உன் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காத்துக்கொள்ளட்டும், வரத்தைத்தான், நீ வருவதைத்தான், நான் அழுத்திக் கேட்கிறேன். டிக்கெட் போட்டதும் மறக்காமல் அப்பாவிடம் சொல். என்னைக் கூப்பிடாதே, நான் இன்னும் உன்னோடு பேசுவதாக இல்லை. லின்சி தோளில் எதையும் போட்டுப் பார்க்காமல் உனக்காகக் காத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
உன்மேல் கோபம் குறையாத அம்மா,
ரூத் பிராங்க்