அப்பாவுக்கு ஒரு வெங்காயக் கத்தி

என் அம்மாவுக்கு, எங்கே இருந்தாலும்,

நீங்கள் போன பிறகு வீட்டில் வந்த முதல் சண்டை ஒரு கத்தியால் வந்தது. பயப்படாதீர்கள், ஒருவருக்கும் காயமில்லை.

உங்கள் செத்தவீட்டில் பெரிய அன்ரி என் தலையைத் தடவி, "இனி நீதான் பிள்ளை அம்மான்ர இடத்தில நிண்டு பாக்கவேணும்" என்றா. அப்பாவும் தம்பியும் அதைத் தீர்ப்பாகவே எடுத்துக்கொண்டார்கள். நான் வேலையும் பின்னேரப் படிப்பும் முடிந்து மோர்னிங்சைட் தரிப்பில் பஸ்ஸால் இறங்கி வந்தால், இருவரும் வீடியோவில் படம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். "பசிக்குது பிள்ளை." படிப்பை விடுவதா, சமையலை விடுவதா? இந்தக் கேள்வி ஏன் தம்பிக்கு வரவில்லை?

உங்கள் கத்தியை அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். பல்லுக் கத்தி. பிடி ஆடுகிறதென்று டேப் சுற்றியிருந்தீர்கள். தக்காளிக்கும் அதுதான், ஆட்டிறைச்சிக்கும் அதுதான். பலகை இல்லாமல் கையில் வைத்தே, பெருவிரலை நோக்கி இழுத்து வெட்டுவீர்கள். அந்த விரல் முழுக்கக் கறுத்த கீறல்கள். ஊரார் வீட்டுப் பெண்பிள்ளைகளின் சாமத்தியச் சடங்குகளைப் படம்பிடிக்க அப்பா வீடியோ கமரா வாங்கினார். உங்களுக்கு ஒரு கத்தி வாங்க யாருக்கு மனம் வந்தது? நீங்களும் ஏன் கேட்கவில்லை?

சனிக்கிழமை அப்பாவைக் கடைக்கு இழுத்துப் போனேன்.

"வீட்டில கத்தி கிடக்குத்தானே?"

"உது வெட்டாதப்பா, நசிக்கும்."

மரக்கட்டையில் செருகியிருந்த பெரிய கத்திச் செட்டைக் காட்டினார். "உதை எடு, பாக்க வடிவாயிருக்கு."

"காட்சிக்கோ வாங்கிறம்? உங்கட கைக்கு எது பிடிபடுதெண்டு பாருங்கோ."

"என்ர கைக்கோ? எனக்கென்னத்துக்கு?"

"வெங்காயம் வெட்ட."

அவருடைய முகம் மாறியது. "கொம்மா ஒருநாளும் என்னைக் கத்தி பிடிக்க விட்டவளோ?"

"நீங்கள் ஒருநாளாவது கேட்டனீங்களோ?"

காரில் போய் இருந்துவிட்டார். நான் தனியாகவே பார்த்தேன். அலகின் இரும்பு பிடிக்குள் கடைசிவரை ஓடுகிறதா, ஈரக் கையில் வழுக்குமா, பலகையில் வைத்து அழுத்தினால் மடக்கிய விரலின் மொளி முட்டுமா என்று. எலும்புக்கு ஒரு பாரமான கத்தி, மரக்கறிக்கு ஒரு மெல்லிய கத்தி. இரண்டே போதும். இரண்டையும் என் கையைவிடப் பெரிய கைக்குத்தான் எடுத்தேன்.

பின்னேரம் பலகையில் வெங்காயத்தை வைத்து, மெல்லிய கத்தியை அப்பாவிடம் நீட்டினேன். கையைப் பின்னுக்கு இழுத்தார்.

"கத்தியைக் கையில குடுக்கக்கூடாது. சண்டை வரும்."

"அதுதான் வந்திட்டுதே."

ஆனாலும் பலகையில் வைத்தேன். "வச்சிட்டன். எடுக்கிறது உங்கட வேலை."

அறைக்குள் போய்ப் புத்தகத்தைத் திறந்தேன். ஒரு எழுத்தும் மண்டையில் ஏறவில்லை. எழும்பிப் போய் நானே வெட்டிவிடலாமென்று எத்தனை தரம் கால் உன்னியது தெரியுமா? உங்களுக்கும் இப்படித்தான் இருந்ததா, அம்மா?

பிறகு பலகையில் ஒரு சத்தம். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. அப்பா தம்பியைக் கூப்பிட்டார்:

"டேய், உதின்ர தோலை முதலே உரிக்கிறதோ?"

"எனக்கென்னெண்டப்பா தெரியும்?"

நான் எழும்பவில்லை.

படிப்பை விடமாட்டேன், அம்மா. வருசம் முடிய வரும் உங்கள் ஆட்டைத் திவசத்துக்கு மரக்கறி வெட்டப்போவது அவர்கள் இருவரும்தான். வாழைக்காய்த் துண்டுகள் மொத்தம் மொத்தமாய் இருக்கும். குறை நினைக்காமல் சாப்பிடுங்கள்.

உங்கள் சொல்வழி கேளாத மூத்த மகள்