மணி கட்டிய செருப்பு

மழை மாதம், 27

முதல் நோட்டு கல்யாணத்தோடு முடிந்துவிட்டது. கடைசிப் பக்கத்தில் 'எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது' என்று பெரிய எழுத்தில் எழுதி, கீழே ஒரு கோடும் இழுத்து வைத்திருக்கிறேன். அந்தக் கோடு போட்ட கையை உடைக்கணும்.

எங்கள் ராசா பெண்ணுக்குக் கல்யாணமாகி இன்றோடு பதினேழு நாள். பெண்ணும் மாப்பிள்ளையும் முகம் கொடுத்துப் பேசாமல் பதினாறு நாள்.

காலையில் அவள் தலைக்கு எண்ணெய் காய்ச்சிக்கொண்டு நின்றேன். முதுகுக்குப் பின்னால் "சித்தி" என்று ஒரு குரல். கரண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பார்த்தால் மாப்பிள்ளை. அவள் என்னைச் சித்தி என்று கூப்பிடுவதால் அவரும் அப்படித்தான் கூப்பிடுகிறார். பெயருக்கு இளவரசர், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயம். நான் மனசுக்குள் வைத்திருக்கும் பெயர் ஊமைக்கோட்டான்.

இந்த மேட்டு நாட்டில் இது ஒரு தொல்லை. யார் வந்தாலும் தெரியாது. நிழல் விழாதே. வயது வந்தவர்கள் ராசாவுக்கு விசுவாசம் சொல்லி, நிழலைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். சபை மண்டபத்துச் சுவரில் அத்தனை நிழலும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கிறது. முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. நிழல் போனவர்களால் ஆற்றைத் தாண்ட முடியாது, பாதித் தண்ணீரில் மூச்சு நின்றுவிடும். அதனால் இங்கே ஒருத்தரும் ஊரை விட்டு ஓடுவதில்லை. ரொம்ப விசுவாசம்.

மகனிடம் மட்டும் ராசா கேட்காமல் விட்டிருந்தாராம். மாப்பிள்ளை தானாகவே கல்யாணத்துக்கு மறுநாள் தன் நிழலைக் கொடுத்தார். அதுவரைக்கும் ஓடம் ஏறி எங்கள் ஆத்து நாட்டுக் கரைக்கு வந்து வந்து அவளைப் பார்த்தவர்தான். முதல் நோட்டு பூரா அந்தக் கூத்துதான். கொடுக்கும்முன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சண்டை அதுதான். "இனி எங்க அம்மா வீட்டுக்கு நான் மட்டும் தனியா போகணுமா?" என்று கேட்டாளாம். அவர் தரையைப் பார்த்தாராம். தரையில் என்ன இருக்கு பார்க்க? அதுதான் இல்லையே.

பனி மாதம், 2

கொல்லையில் ஆடு மேய்க்கிறவரிடம் ஒரு மணி வாங்கினேன். எதற்கு என்று கேட்டார். உங்க இளவரசருக்கு என்றேன். சிரித்தார் பாவம், விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு.

பனி மாதம், 5

கட்டிவிட்டேன். இடது செருப்பு வாரில்.

"மாப்ள, கோவிச்சுக்காதீங்க. என் நெஞ்சுக்கு வயசாகுது. நீங்க வர்றது எனக்கு முன்கூட்டியே தெரியணும்."

கோபம் வரும், ரெண்டு வார்த்தை திட்டுவார், அந்தச் சாக்கில் வாயாவது திறக்கட்டும் என்றுதான் செய்தேன். அவர் குனிந்து பார்த்தார். "சரி சித்தி" என்று சொல்லிவிட்டுக் கிண் கிண் என்று நடந்து போனார். அப்படியே மந்திரிகள் கூட்டத்துக்கும் போயிருக்கிறார். ஒரு மனுஷன் இவ்வளவு நல்லவனாக இருந்தால் யாரிடம் போய்ச் சண்டை பிடிப்பது?

சாயங்காலம் தலை வாரும்போது வராந்தாவில் மணி கேட்டது. பெண்ணின் கழுத்து ஒரு நூல் திரும்பியது. பிறகு, "சித்தி, இழுக்காதீங்க, வலிக்குது" என்று என்மேல் எரிந்து விழுந்தாள். நான் சீப்பையே இன்னும் எடுக்கவில்லை.

பனி மாதம், 9

ஓடத்துறைக்குப் போனேன். என் வீட்டுக்காரர் ஓடக்காரர், பதினைந்து நாளுக்கு ஒரு தடவை அக்கரையிலிருந்து சாமான் ஏற்றி வருவார். கல்யாணத்துக்குப் பெண்ணோடு நான் வந்தபோது 'அவ தனியா பழகுற வரைக்கும்' என்று சொல்லிவிட்டு வந்தேன். "பழகிட்டாளா?" என்று கேட்டார். "நீங்க என்னோட பழகவே நாலு வருஷம் ஆச்சு" என்றேன். "இன்னும் ஆகல" என்றார். துடுப்பை வாங்கி அடிக்கத் தோன்றியது. நல்லா இருந்தது.

எங்கள் ராசா, பெண்ணின் அப்பா, ஒரு ஓலை கொடுத்தனுப்பியிருக்கிறார். எழுத்துக் கூட்டிப் படிக்க அரை நாள் ஆனது. அவள் என்ன சொல்கிறாள், அரண்மனையில் எந்த வாசலில் எத்தனை காவல், எல்லாம் எழுதி அனுப்பணுமாம். அதாவது பெண்ணுக்குத் தலை வார வந்தவள் பெண்ணை உளவு பார்க்கணும்.

எனக்கு எழுத்து சொல்லிக்கொடுத்ததே அவள்தான். ஆறு வயதில், குளியல் அறைச் சுவரில், கரித்துண்டால். அந்த எழுத்தை வைத்து அவளையே எழுதுவதா?

பனி மாதம், 10

எழுதி அனுப்பினேன். 'இன்று தலைக்குக் குளித்தாள். நாளை குளிக்க மாட்டாள். மறுநாள் குளிப்பாள் போலத் தெரிகிறது. வாசல் நிறைய இருக்கிறது. எண்ணத் தெரியவில்லை.'

பனி மாதம், 16

இன்று நடந்ததை நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

இங்கத்து ராசா பெண்ணைச் சபைக்குக் கூப்பிட்டார். துணைக்கு நானும் போய்த் தூண் பக்கம் நின்றேன். கல்யாணமாகி அறுபதாம் நாள் அவளும் நிழலைக் கொடுக்கணுமாம். "ஆத்து நாட்டு நிழல் ஒண்ணு என் சுவத்துல இருந்தாத்தான் உங்க அப்பா போர்ப்படகைக் கட்டி வைப்பார்" என்கிறார். குரலை உயர்த்தவில்லை. கூலிக்காரனுக்கு வேலை சொல்கிற மாதிரி சொன்னார்.

கொடுத்தால் அவள் இனி அம்மா முகத்தைப் பார்க்கப் போக முடியாது. கொடுக்காவிட்டால் கல்யாணத்தோடு ரெண்டு நாடும் போட்ட சமாதான ஒப்பந்தம் முறிந்தது என்பார்கள். மாப்பிள்ளை அப்பாவுக்குப் பக்கத்தில்தான் நின்றார். வாயே திறக்கவில்லை. மணிகூட அசையவில்லை.

அறைக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு அவள் சொன்னது: "கொடுன்னு சொல்லியிருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன் சித்தி. கொடுக்காதேன்னு சொல்லியிருந்தா அங்கேயே கட்டிப் பிடிச்சிருப்பேன். ஒண்ணுமே சொல்லலையே."

நான் ஜடையைப் பிரித்தேன், திரும்பப் பின்னினேன். மூன்று தடவை.

பனி மாதம், 24

வீட்டுக்காரர் இன்று சிரிக்கவில்லை. சேதி அக்கரைக்குப் போய்விட்டதாம். 'என் மகளின் நிழல் போனால் அன்றைக்கே படகுகள் கிளம்பும்' என்று எங்கள் ராசா சொல்லிவிட்டாராம். ஓடக்காரர்களின் ஓடத்தையும் கேட்டிருக்கிறார்கள், ஆள் ஏற்ற.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஓட்டைன்னு சொன்னேன்."

"ஓட்டையா இருக்கா?"

"போட்டேன்."

இரண்டு அப்பாக்கள். ஒருத்தர் நிழலைக் கொடு என்கிறார், ஒருத்தர் கொடுத்தால் அடிப்பேன் என்கிறார். பெண்ணிடம் உனக்கு என்ன வேணும் என்று கேட்க ஒரு நாதி இல்லை. தலை வாரும்போது நான் கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, "எனக்கு ரெண்டு கரையும் வேணும்" என்றாள். ஆசையைப் பாரு. ஆனால் கேட்டால் என்ன தப்பு?

வெயில் மாதம், 3

மூன்று நாளாக மணிச் சத்தமே இல்லை. மாப்பிள்ளை எங்கே போய்த் தொலைந்தார் என்று தெரியவில்லை. எனக்கு வந்த கோபத்தில் எண்ணெயில் உப்பைப் போட்டுவிட்டேன்.

வெயில் மாதம், 5

மதியம் சாப்பாட்டுக்கு வந்தார். எப்போதும்போல அந்தக் கோடியில் அவர், இந்தக் கோடியில் அவள், நடுவில் பரிமாற நான். தட்டில் கை வைத்தார். விரல் நுனியெல்லாம் தோல் கிழிந்து, நகக்கண்ணில் வெள்ளையாகச் சுண்ணாம்பு.

அவள்தான் முதலில் பார்த்தாள். "என்ன அது?"

அவர் கையை மடியில் ஒளித்தார்.

"கேக்கிறேன்ல?"

"சுவத்துல இருந்து எடுக்கலாமான்னு பார்த்தேன்" என்றார். "வரல. அஞ்சு நாள் சுரண்டிப் பார்த்தேன். சுவருதான் வருது."

அப்பாவுக்குத் தெரியாமல், மணியைக் கழற்றி வைத்துவிட்டு, மண்டபத்தில் போய்த் தன் நிழலைச் சுரண்டியிருக்கிறார். எதற்காக முதலில் கொடுத்தாராம்? மகன் கொடுத்துவிட்டால் அப்பா மருமகளிடம் கேட்க மாட்டார் என்று நினைத்தாராம். அட மக்குப்பயலே, இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் என்ன?

அவள் எழுந்து அந்தக் கோடிக்குப் போனாள். கையை எடுத்து நகத்தில் இருந்த சுண்ணாம்பை முந்தானையால் துடைத்தாள். நான் குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். வெளியே வந்து அழுதேன். புகை.

வெயில் மாதம், 6

நிம்மதி ஒரு நாள்கூட நிற்கவில்லை. காலையில் அவள் முகமெல்லாம் பூரிப்பு. "சித்தி, நான் கொடுத்துடப் போறேன். அவர் இந்தக் கரையில இருந்தா நானும் இந்தக் கரையிலேயே இருந்துட்டுப் போறேன்."

சண்டை போட்டுக்கொண்டிருந்தபோதே தேவலை. சமாதானமாகி இப்போது ஊரையே எரிக்கப் பார்க்கிறார்கள். உங்க அப்பா படகு வருமே என்றேன். அப்பாவிடம் சொல்லிப் புரியவைப்பாளாம். எப்படிப் போய்ச் சொல்வாய், பாதி ஆத்துல மூச்சு நிக்குமே என்றேன். ஜடையை என் கையிலிருந்து பிடுங்கித் தானே பின்னிக்கொண்டாள்.

வெயில் மாதம், 7

இங்கத்து ராசா சொன்னதைத் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். ஆத்து நாட்டு நிழல் ஒன்று.

வெயில் மாதம், 8

வீட்டுக்காரர் முறை நாளைக்கு. காலையில் போய்ச் சொல்லிவிடணும். எப்படிச் சொல்வது? இருபத்திரண்டு வருஷம். சாகும்வரை என்னைத் திட்டப் போகிறார்.

வெயில் மாதம், 9

சொன்னேன். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். துடுப்பை எடுத்தார், போனார்.

வெயில் மாதம், 11

நேற்று அறுபதாம் நாள், எழுத உட்கார முடியவில்லை.

சாயங்கால வெயில் வாசல் வழியாக நேராகச் சுவரில் விழும் நேரம். அப்போதுதான் எடுப்பார்கள். நிழல் எடுக்கிறவர் எலும்புக் கத்தியோடு நின்றார். பெண் முன்னால் போனாள். நான் அவளைத் தாண்டிப் போய்ச் சுவருக்கு முன்னால் நின்றேன்.

"ராசா, உங்களுக்கு ஆத்து நாட்டு நிழல் ஒண்ணுதானே வேணும். இதை எடுத்துக்கோங்க. அகலமானது. சுவருக்கு நிறைவா இருக்கும்."

"தலை வாருறவ நிழலுக்காக யாரு படகைக் கட்டி வைப்பான்?" என்றார்.

நியாயமான கேள்வி. நான் யோசித்து வைத்திருந்த பதில் மறந்தே போச்சு. அதற்குள் அவள் பாய்ந்து வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். வேண்டாம் சித்தி, வேண்டாம் சித்தி என்று சபை நடுவில் மூக்கு ஒழுக அழுதாள், ஆறு வயதில் அழுத அதே அழுகை. பெற்ற அப்பாவுக்குக்கூட அப்படி அழுதிருப்பாளா தெரியாது.

ராசா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை, "அப்பா" என்றார். சபையில் அவர் முதல் தடவை வாய் திறந்தது. "இவங்க நிழல் இங்க இருக்கிற வரைக்கும் அவ உங்களுக்குத் துரோகம் பண்ண மாட்டா. நீங்களே பாருங்க."

அவள் அழுத அழுகைதான் என் நிழல் எவ்வளவு பெறும் என்று ராசாவுக்குச் சொன்னது. தலையசைத்தார்.

வலிக்கவில்லை. குதிகாலில் கொஞ்சம் சில்லென்றது. நகர்ந்தேன். அது நகரவில்லை. பின்னால் திரும்பிப் பார்த்தால் கொண்டை கோணலாக இருந்தது. சாகிற வரைக்கும் அந்தக் கோணல் கொண்டையோடுதான் நிற்கப் போகிறேன். காலையில் சரியாக முடிந்திருக்கலாம்.

வெயில் மாதம், 12

எங்கள் ராசாவுக்குக் கடைசி ஓலை. 'உங்க பொண்ணு நிழல் அவகிட்டயே இருக்கு. அடுத்த மாசம் அம்மாவைப் பார்க்க வருவா. படகைக் கரையில ஏத்திக் காய வைங்க. இனி எழுத மாட்டேன்.'

வெயில் மாதம், 24

துறைக்குப் போகவேண்டாம் என்றுதான் இருந்தேன். கால் போய்விட்டது. பெண்ணும் கூட வந்தாள்.

ஓடம் வந்தது. சாமான் எதுவும் இல்லை. நடுவில் நீளமாக ஒரே ஒரு கட்டை, சேறு காயாமல். அக்கரையில் அவர் ஓடம் கட்டுகிற கட்டை. அடியோடு பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

"ஓட்டையை அடைச்சாச்சா?" என்றேன்.

அவர் கட்டையைத் தோளில் தூக்கிப்போய், இந்தக் கரையில் ஒரு இடம் பார்த்து, குழி தோண்ட ஆரம்பித்தார். நான் சத்தமில்லாமல் போய்ப் பின்னால் நின்றேன். திரும்பினவர் துள்ளிக் குதித்துக் குழிக்குள் ஒரு காலை விட்டுவிட்டார்.

"சொல்லிட்டு வரக் கூடாதா? உயிரே போச்சு."

பெண் சிரித்தாள், எத்தனையோ நாளைக்கு அப்புறம். சிரித்துக்கொண்டே மண்ணில் முட்டி போட்டு, மடியிலிருந்து எதையோ எடுத்தாள். "காலைக் காட்டுங்க சித்தி."

வீட்டுக்கு நடந்து வந்தோம். வழியெல்லாம் கிண் கிண்.