மாமா என்னைப் பார்க்கும் விதம்

வியாழன், இரவு.

கல்யாணமாகி வந்ததிலிருந்து மாமனார் என் முகத்தைப் பார்த்துப் பேசியதே இல்லை. கண்கள் என் காதுப் பக்கம் போய்விடும். என்னைப் பிடிக்கவில்லை என்றே நினைத்திருந்தேன்.

இன்று கண்டியில் கண் டொக்டரிடம் கூட்டிப் போனேன். “என்னை நேராப் பாருங்க” என்றார் டொக்டர்.

“நேராப் பாத்தா மூஞ்சி கருப்பா மறைஞ்சிருதுங்க. ஓரமாப் பாத்தாத்தான் தெரியுது. மருமகளையும் அப்படித்தான் பாக்குறேன். சிரிச்சா அதுக்குக் கன்னத்துல குழி விழும்” என்றார் மாமா.

அப்படியென்றால் இவ்வளவு காலமும் என்னைப் பார்க்கத்தான் முகத்தைத் திருப்பினாரா?

வீடு திரும்பும்போது வத்தேகம பஸ்ஸில் கேட்டேன். “ஏன் மாமா யாருக்கும் சொல்லல?”

“சொன்னா எல்லாரும் பாவம்னு பாப்பீங்களேம்மா.”

அதற்குப் பிறகு எங்கே பார்ப்பதென்று எனக்குத்தான் தெரியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.