டெக்லன் பெயரும் அந்தப் பட்டியலில்

நோரீன்,

லசானியா ஃபிரிட்ஜில் இருக்கிறது, சூடாக்கிச் சாப்பிடு.

அந்தப் படம் தியேட்டரில் ஓடியபோது தலைவலி என்று தட்டிக்கழித்தேன். நேற்று நீ டிவிடியே வாங்கி வந்துவிட்டாய். படத்தில் லாபத்துக்காக ஆட்களை வேலையை விட்டுத் தூக்கிய அதிகாரியைப் பார்த்து, "இவனெல்லாம் எப்படிப் பொண்டாட்டி மூஞ்சியில முழிக்கிறான்?" என்று கேட்டாய். நான் சிரித்து மழுப்பினேன்.

மார்ச்சில் எங்கள் வங்கியில் வேலையை விட்டு அனுப்புபவர்களின் பட்டியலைப் போட்டவன் நான்தான். அங்கேயே வேலை பார்த்த உன் தம்பி டெக்லன் பெயரையும் நானே எழுதினேன். அவனிடம், "மேலிடத்து முடிவுடா, என் கையில ஒண்ணுமில்ல" என்றேன். அவன் என்னைக் கட்டிப்பிடித்து அழுதான்.

இப்போது ஸ்டேட்டன் தீவில் இருக்கும் அவன் வீட்டுக்கு, அவனிடம் உண்மையைச் சொல்லப் போகிறேன்.

வின்ஸ்

மறந்துவிட்டேன்: என் சாவி மேசைமேல் இருக்கிறது. சாயங்காலம் வந்து மணி அடிப்பேன். கதவைத் திறப்பதும் திறக்காததும் உன் இஷ்டம்.