துருக்கியரைப் போன்றவர்கள்

அஷ்காபாத்
3 மார்ச் 1976

அன்புள்ள சபர் அண்ணனுக்கு, தங்கை ஓகுல்நபாத் எழுதுவது. நான் நலம். அண்ணியின் மூட்டுவலி எப்படி இருக்கிறது?

‘துர்க்மென்’ என்ற நம் பெயர் எங்கிருந்து வந்தது என்று தேடுவதுதான் இங்கே என் வேலை. ‘நான் துருக்கியன்’ என்கிறார் ஒருவர். ‘கலப்பில்லாத துருக்கியன்’ என்கிறார் இன்னொருவர். பழைய கதை ஒன்று ‘துருக்கியனைப் போன்றவன்’ என்கிறது. அது பாரசீகச் சொல்லாம்.

தேடும்போது நம் ஊர் தெஜெனில் இருந்த முல்லா ஒருவரின் பழைய குறிப்பேடு கிடைத்தது. நம் தாத்தாவின் அப்பா பெர்டி, அடிமைச் சந்தையில் வாங்கிய பாரசீகப் பையனாம். அவருடைய உண்மையான பெயர் ஹுசைன். அவருக்கு மேலே நாம் சொல்லும் பெயர்கள் எதுவும் நமக்குச் சொந்தமில்லை. இதைக் கட்டுரையில் எழுதட்டுமா?

உங்கள் நபாத்

தெஜென்
14 மார்ச்

நபாத்துக்கு,

எழுதாதே. அப்பா சாகும்போதே இதை என்னிடம் சொல்லிவிட்டார். வியாழன் பொழுது சாய, செத்தவர்கள் வாசம் பிடித்து வருவார்களென்று ரொட்டி பொரித்து அவர்கள் பெயரைச் சொல்வோமே, அப்போது அப்பா ஒன்றை வாசலில் வைப்பார். கேட்டால், "நாய்க்குடா" என்பார். நானும் வைக்கிறேன். நாய் செத்து ஆறு வருஷமாகிறது. காலையில் தட்டு காலியாகத்தான் இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

ஏப்ரலில் மாய்சாவைப் பெண் கேட்டு வருகிறார்கள். ஏழு தலைமுறைப் பெயர் கேட்பார்கள். அடிமை வழி என்று தெரிந்தால் என் மகளை எவன் கட்டுவான்? உன் கடிதத்தைப் பெட்டியின் அடியில் போட்டுவிட்டேன்.

சபர்

அஷ்காபாத்
25 மார்ச்

அண்ணா,

குறிப்பேட்டில் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். மாய்சாவுக்குச் சிவப்புப் பட்டு வாங்கி வைத்திருக்கிறேன். ஆனாலும் அந்தப் பையனின் பெயர் என்னை விடமாட்டேன் என்கிறது.

நபாத்

தெஜென்
23 ஏப்ரல்

நபாத்துக்கு,

அந்தச் சிவப்புப் பட்டை யாருக்காவது கொடுத்துவிடு. மாய்சா பெட்டியைக் குடைந்து உன் கடிதத்தைப் படித்திருக்கிறாள்.

மாப்பிள்ளையின் பெரியப்பா ஏழு தலைமுறைப் பெயரையும் கேட்டார். நான் என் பெயரில் தொடங்கி நாலாவதாக பெர்டியைச் சொன்னதும், தேநீர் கொண்டுவந்த மாய்சா நின்றாள். "பெர்டி இல்லப்பா, ஹுசைன். சந்தையில வாங்கின பையன்."

பெரியப்பா சிரித்தார். "அப்போ நீ துர்க்மென் மாதிரி இருக்கே, அவ்வளவுதான்."

"அந்தப் பேருக்கே ‘துருக்கியன் மாதிரி’ன்னுதாங்க அர்த்தம். அத்தை எழுதியிருக்காங்க."

வைத்த ரொட்டியில் ஒரு கிள்ளுகூட வாயில் போடாமல் எழுந்து போய்விட்டார்கள்.

உன்மேல் எனக்குத் தீராத கோபம். இனிமேல் எழுதாதே. ஆனால் இதை உன்னைத் தவிர யாரிடம் சொல்ல முடியும்? நேற்று வியாழன். மாய்சாதான் பொரித்தாள். எல்லோர் பெயரோடும் ஹுசைன் பெயரையும் சத்தமாகச் சொன்னாள். இன்று காலை பார்க்கிறேன், வாசலில் வைத்த ரொட்டி வைத்தபடியே இருக்கிறது.

"அவர் உள்ள வந்துட்டாருப்பா" என்கிறாள்.

அப்பா உட்காரும் இடத்தில் இன்று நான் உட்காரவில்லை. அங்கே ஹுசைன் உட்கார்ந்திருக்கலாம்.

சபர்