தாத்தாவும் நாலு ஸ்டூலும்

மார்ச் 3, செவ்வாய்

இன்று ஒரு கல்லூரிப் பையனுக்கு ஷூ மாட்டிவிடக் குனிந்தேன். காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். "ஐயையோ தாத்தா, எந்திரிங்க! நானே போட்டுக்கறேன்."

தாத்தா! எனக்கு இருபத்து மூன்று. அவனுக்கும் அவ்வளவுதான் இருக்கும். ஒட்டிய கன்னம், பாதி நரைத்த தலை, கயிறு கயிறாய்க் கைநரம்பு. எல்லாம் மரபணு பார்த்த வேலை. பையன் மனசு கேட்காமல் இரண்டு ஜோடி வாங்கிப் போனான். முதலாளிக்கு வாயெல்லாம் பல். "தலைக்கு மட்டும் சாயம் அடிச்சிடாதப்பா."

மார்ச் 5, வியாழன்

மருத்துவமனை. டாக்டர் என் உள்ளங்காலை அழுத்திப் பார்த்தார். உடம்பில் கொழுப்பு தங்காத நோய். முகத்தோடு விடுமா? பாதத்திலும் போய்விட்டது.

"எல்லாருக்கும் பாதத்துல ஒரு மெத்தை இருக்கும். உங்களுக்கு எலும்பும் தோலும்தான். இப்படியே நின்னா புண்ணாயிடும். உக்காந்து செய்யற வேலையா பாருங்க."

பார்க்கவில்லையா என்ன? போன வருடம் பதினோரு இடம் ஏறி இறங்கினேன். "உங்க பையனுக்கா கேக்கறீங்க?" என்றார்கள். இந்தச் செருப்புக் கடை ஒன்றுதான் எடுத்துக்கொண்டது. விடவும் முடியாது. நிற்கவும் முடியாது.

மார்ச் 6, வெள்ளி

முதலாளியிடம் ஸ்டூல் கேட்டேன். "நீங்க உக்காந்தா வியாபாரம் படுத்துடும்" என்றார். சுழல்நாற்காலியில் சாய்ந்துகொண்டு!

நாங்கள் நாலு பேர். காலை பத்து முதல் இரவு ஒன்பது வரை நிற்கிறோம். குழந்தைகள் பிரிவில் நிற்கும், நாங்கள் நெட்டை என்று கூப்பிடும் பெண்ணுக்குக் கெண்டைக்காலில் நரம்பு முடிச்சு. பெண்கள் பிரிவு அக்கா அலமாரியில் சாய்ந்தே தூங்கப் பழகிவிட்டார். விளையாட்டு ஷூ குண்டண்ணன் முட்டிக்குத் தேய்க்கும் தைலத்தில் அந்தப் பக்கமே மணக்கிறது. "என்கிட்ட நிறைய இருக்கு, கொஞ்சம் எடுத்துக்கோடா" என்று தொப்பையைப் பிடித்துக் காட்டுவார். விற்பது மெத்து மெத்தென்ற செருப்பு. நாங்கள் போட்டிருப்பது ஓட்டை.

மார்ச் 9, திங்கள்

ஒரு அம்மாள் கடை அதிரக் கத்தினார். "வயசான மனுசனை இப்படி நிக்க வச்சு வேலை வாங்கறீங்களே, உங்களுக்கெல்லாம் அப்பா இல்லையா?" ஐந்தே நிமிடத்தில் கிடங்கிலிருந்து ஸ்டூல் வந்தது.

"தாத்தாவுக்கு ராஜயோகம்!" என்றாள் நெட்டை. அவள் கால் வீங்கியிருந்தது. அவளுக்காக யார் கத்துவார்கள்? இளசுகளுக்கு வலிக்காது என்று எந்த மடையன் சொன்னான்?

மார்ச் 10, செவ்வாய்

யோசனை வந்துவிட்டது. என் ஸ்டூலை முதலாளி நகர்த்திவிடாதபடி அதில் அட்டைப்பெட்டிகளை அடுக்கிவிட்டு நெட்டையிடம் இடம் மாற்றிக்கொண்டேன். இடுப்பை லேசாகப் பிடித்தேன் — அவ்வளவுதான். பன்னிரண்டு மணிக்கே ஒரு பெரியவர் முதலாளியைப் பிடித்துக் காய்ச்சி எடுத்துவிட்டார். இரண்டாவது ஸ்டூல்.

மார்ச் 17, செவ்வாய்

நாலு பிரிவு, நாலு ஸ்டூல். கடைசிக்கு மட்டும் இருமல் சேர்க்க வேண்டியிருந்தது. "அளவா இருமுடா, ஆம்புலன்ஸ் வந்துடப் போவுது" என்றார் குண்டண்ணன்.

மார்ச் 19, வியாழன்

முதலாளி எண்ணிப் பார்த்துவிட்டார். நாலும் கிடங்குக்குப் போய்விட்டன. என் சட்டையில் ஒரு அட்டையைக் குத்தினார்: 'வயது 23'.

"இனி எவன் கேக்கறான்னு பாக்கறேன்."

பாதம் பொசுங்குகிறது. நாளையோடு வேலையை விட்டுவிடலாமா?

மார்ச் 20, வெள்ளி

எழுதக்கூட முடியவில்லை, அப்படிச் சிரிப்பு. முதல் வாடிக்கையாளராக வந்த ஒரு அம்மாவே அட்டையைப் படித்துவிட்டுக் கொதித்தார். "பெரியவரைக் கேலி பண்ணி அட்டை வேற குத்தி விட்டிருக்கீங்களா? மனுசங்களாய்யா நீங்க?" ஒருவர் போனில் படம் பிடிக்க ஆரம்பித்தார்.

"இல்லீங்க, எனக்கு நிஜமாவே இருபத்து மூணுதாங்க" என்றேன்.

"பாவம், எப்படி மிரட்டி வச்சிருக்காங்க பாரு" என்றார் அந்த அம்மா.

வாழ்க்கையில் ஒரே ஒருமுறை ஊரறிய உண்மை சொன்னால் இப்படி. சரி, போகட்டும். இன்னொரு உண்மையும் சொன்னேன்: "எனக்கு மட்டும் இல்லீங்க. இந்தக் கடையில யாருமே உக்காரக் கூடாது." அதை நம்பினார்கள். எல்லோரும் குண்டண்ணன் முட்டியைப் பார்த்தார்கள், நெட்டையின் காலைப் பார்த்தார்கள், கடைசியில் முதலாளியின் நாற்காலியைப் பார்த்தார்கள். அவர் எழுந்துவிட்டார்!

நாலு ஸ்டூலையும் அவரே தூக்கி வந்தார்.

மார்ச் 21, சனி

அட்டையைக் கழற்றச் சொன்னார். மாட்டேன் என்றேன். என் வயது அது.

ஏப்ரல் 2, வியாழன்

குண்டண்ணன் உட்கார்ந்ததில் ஒன்று உடைந்தது. மீதி மூன்று.

மத்தியானம் கடையில் ஈ காக்காய் இல்லை. உட்கார்ந்திருந்தேன். நெட்டை வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள். "டேய், நான் உன்னைவிட ஒரு வயசு மூத்தவ. எந்திரி."

பஸ்ஸில், வங்கியில், மருத்துவமனையில் எனக்காக எழுந்தவர்கள்தான் உண்டு. என்னை யாரும் எழுப்பியதில்லை. துள்ளி எழுந்தேன். கால் எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் நின்றேன்.

"போதும்டா தம்பி, வந்து உக்காரு" என்றாள்.

தம்பியாம்.