கழற்றாத தாலி

எனக்குத் தலைவாரிப் பூ வைத்து, என் கல்யாணத்தில் என்னைவிட அதிகமாய் அழுத பார்வதியக்கா,

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. இத்தனை நாள் உனக்குச் சொல்ல என்னிடம் அழுகையைத் தவிர ஒன்றுமில்லை. இன்று கோபம் இருக்கிறது. கேள், உன் மாமியாருக்கும் மார்பில் கட்டி. உனக்கு வந்த அதே இடது பக்கம்.

லாபிஸ் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கும் உன் புருஷன், என் அத்தான், ஒரு நாள்கூட யோசிக்கவில்லை. லீவு எழுதிக் கொடுத்துவிட்டுத் தாயை ரயிலேற்றிச் சிங்கப்பூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அறுத்துக் கட்டியை எடுத்தாயிற்று, புண்ணும் ஆறிவிட்டது. திங்கட்கிழமை முதல் கட்டி இருந்த இடத்தில் கதிர் வைக்கப் போகிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

உனக்கும் அறுத்தார்கள். நன்றாகத்தான் ஆறியது. வெள்ளைக்கார டாக்டர் சொன்னதை, அவருக்கு உதவியாக இருந்த டிரெஸ்ஸர் நமக்குத் தமிழில் சொன்னார். "கண்ணுக்குத் தெரிஞ்ச கட்டிய கத்தியால எடுத்தாச்சும்மா. தெரியாம எங்கயாவது ஒட்டிக்கிட்டு இருந்தா, அதக் கருக்கத்தான் இந்தக் கதிரு. சில வாரம் விடாம வரணும். கழுத்துல, நெஞ்சுல நகை எதுவும் இருக்கக் கூடாது."

உடனே உன் மாமியார் எழுந்தாளே, நினைவிருக்கிறதா? "எம் புள்ள குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கான். அவன் உசிரோட இருக்கையில இவ தாலியக் கழட்டி மேசையில வைக்கணுமா? அதான் கட்டிய எடுத்தாச்சே, வாங்க போலாம்."

அத்தான் தரையைப் பார்த்தார். நீ முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாய். உனக்கு என்ன வேண்டும் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நீயாவது வாயைத் திறந்திருக்கக் கூடாதா அக்கா?

அந்த மழைக்காலம் முடிவதற்குள் தழும்பின் ஓரத்திலேயே கட்டி திரும்பி வந்தது. "சுமங்கலியாப் போயிட்டா, கொடுத்து வச்சவ" என்று ஊரே சொன்னது. என்ன கொடுத்து வைத்தாய்? உன் மகள் கமலம் போன மாதம் பெரியவளானாள். அவளுக்குத் தண்ணீர் ஊற்றக் கொடுத்து வைத்தாயா?

கதிர் வைத்திருந்தால் நீ நிச்சயம் பிழைத்திருப்பாய் என்று நான் சொல்ல வரவில்லை. எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் உனக்கிருந்த ஒரு வழியை, நாம் எல்லோரும் சேர்ந்து நின்று அடைத்துவிட்டோம்.

போன வாரம் டாக்டரைப் பார்க்கப் போனபோது பெண் துணைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். போனேன். உன் மாமனார் காலமானபின் அவள் கழுத்தில் கழற்ற ஒன்றுமில்லை. அங்கிருந்த தமிழ் நர்ஸிடம் கேட்டேன், தாலி கட்டிய பெண்கள் வந்தால் என்ன செய்வார்கள் என்று.

"மஞ்சக் கெழங்கக் கயித்துல கட்டிக்கிட்டு வருவாங்கக்கா. தங்கம்தான் ஆகாது. கயிறுன்னா தோள் பக்கம் ஒதுக்கிக்கலாம். கேட்டா நாங்களே சொல்வோமே."

மஞ்சள் கிழங்கு! உன் தாலிக்கொடி அறுந்து ஆசாரியிடம் போனபோது, அது திரும்பி வரும்வரை உன் கழுத்தில் மஞ்சள் கட்டிவிட்டவளே இந்த மாமியார்தான். கிழங்கை எடுத்துக் கொடுத்தவள் நான். ஆசாரிக்காகச் செய்யத் தெரிந்ததை உன் உயிருக்காகச் செய்ய எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. அவளைத் திட்டும்போதெல்லாம் என்னையும் சேர்த்துத்தான் திட்டிக்கொள்கிறேன்.

திரும்பும் ரயிலில் நர்ஸ் சொன்னதை அவளிடம் அப்படியே சொன்னேன். நோகட்டும் என்றுதான் சொன்னேன். குளுவாங் ஸ்டேஷன் தாண்டியதும் என் பக்கம் திரும்பினாள். சொன்னாள், "எனக்கும் கதிரு வேணாம் செல்லம். அவளுக்கு இல்லன்னு ஆக்குனவ நான். எனக்கு மட்டும் எதுக்கு?"

எனக்கு வந்ததே ஆத்திரம்! "அவ்வளவு சுலபமா தப்பிச்சுப் போகலாம்னு பாக்காதீங்க அத்தை. வருவீங்க" என்றேன். பெட்டியில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

திங்கட்கிழமை அவளை நான்தான் கையைப் பிடித்து ரயிலேற்றப் போகிறேன். அத்தனை வாரமும் அங்கேயே தங்கி, ஒரு நாளைக்கூடத் தவறவிடாமல் கதிர் வைக்கும் மேசையில் கொண்டுபோய்ப் படுக்கவைப்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. உனக்காக அவளோடு போட வேண்டிய சண்டை இன்னும் பாக்கி இருக்கிறது அக்கா. அதற்கு அவள் உயிரோடு இருக்க வேண்டும்.

அன்று உன் பக்கத்தில் இருந்தும் பேசாமல் இருந்த,
உன் தங்கை செல்லம்